வாரிசை முன்கூட்டியே வாங்குவது: கிரீன் பே கணக்கு சரிதானா?

2020 ஏப்ரல் 23 இரவு, கிரீன் பே பாக்கர்ஸ் அணி தன் ரசிகர்களையே கொதிக்க வைத்தது. மூன்று மாதங்களுக்கு முன்புதான் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலுக்கு ஒரே ஒரு ஆட்டம் மிச்சமிருந்த கட்டத்தில், சான்ஃபிரான்சிஸ்கோவிடம் 37–20 என்று தோற்றிருந்தது அந்த அணி. குவார்ட்டர்பேக் ஏரன் ராட்ஜர்ஸுக்கு வயது 36. தோளில் இன்னும் வலு இருந்தது. அவர் எறியும் பந்தைப் பிடிக்க இன்னொரு நல்ல ரிசீவர் வேண்டும் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. நிர்வாகமோ, கல்லூரி வீரர்களை எடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் தனக்கிருந்த 30ஆம் இடத்தோடு நான்காம் சுற்றுத் தேர்வு ஒன்றையும் மயாமி அணிக்குக் கொடுத்து 26ஆம் இடத்துக்கு ஏறி, யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் லவ்வை எடுத்தது. லவ்வும் குவார்ட்டர்பேக்தான். அந்த ஆண்டு ஏழு சுற்றிலும் பாக்கர்ஸ் ஒரு ரிசீவரைக்கூட எடுக்கவில்லை.

இந்தச் செயலுக்கு இரண்டு எதிரெதிர்த் தீர்ப்புகள் இருக்கின்றன. கோப்பைக்கு அருகில் நிற்கும் அணி நாளைய ஆளுக்காக இன்றைய வாய்ப்பைக் கைவிட்டது மடத்தனம் என்பது ஒன்று. குவார்ட்டர்பேக்கைத் தேடும் வழியை அமெரிக்காவிலேயே அறிந்த ஒரே ஊர் கிரீன் பே, மற்ற 31 அணிகளும் அதைப் பார்த்துப் படிக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது இப்போது வேதவாக்கு ஆகிவிட்டது. லவ் நன்றாக ஆடத் தொடங்கியதும் முதல் கட்சிக்காரர்கள் பலர் இரண்டாவது கட்சிக்குத் தாவிவிட்டார்கள். எனக்கு இரண்டுமே அரைகுறையாகப் படுகின்றன.

முதலில் பண்டத்தின் மதிப்பு. அமெரிக்கக் கால்பந்தில் தாக்கும் பக்கம் நிற்கும் பதினொருவரில் குவார்ட்டர்பேக் ஒருவர். ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு நகர்விலும் பந்து முதலில் வருவது அவர் கைக்குத்தான். எதிரணி நிற்கும் விதத்தைப் படித்து, மூன்று நொடிக்குள் முடிவெடுத்து, நூற்றிருபது கிலோ ஆட்கள் மேலே வந்து விழுவதற்குள் எறிந்துவிட வேண்டும். சுமாரான குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு எப்போதாவது கோப்பை வெல்லலாம். 2000ஆம் ஆண்டுப் பருவத்தில் பால்டிமோர் ரேவன்ஸ் டிரென்ட் டில்ஃபரை வைத்து வென்றது. ஆண்டுதோறும் போட்டியில் நிற்க முடியாது. இந்த வேலையை உயர்தரத்தில் செய்யக்கூடியவர்கள் ஒரே காலத்தில் பதினைந்து பேர் தேறினால் அதிகம் என்பது என் கணிப்பு. வேண்டுபவர்களோ 32 அணிகள்.

பண்டம் விற்கும் சந்தையும் விசித்திரமானது. கல்லூரியிலிருந்து வரும் வீரர்களை ஐ.பி.எல். ஏலம் போலப் பணத்தைக் கொட்டி வாங்க முடியாது. டிராஃப்ட் என்ற வரிசைமுறைதான். முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணி முதலில் எடுக்கும். கோப்பை வென்ற அணி சுற்றின் கடைசியில் எடுக்கும். ஆகவே நல்ல குவார்ட்டர்பேக் தேவைப்படும் அணிக்கு அவரை எடுக்க நல்ல இடமும் கிடைக்கும். ஏட்டளவில் நியாயமான ஏற்பாடு. ஆனால் அந்த இளைஞன் போய்ச் சேருவது நாட்டிலேயே மோசமான அணிக்கு. ஹியூஸ்டன் டெக்ஸன்ஸ் புதிதாகத் தொடங்கிய 2002இல் டேவிட் காரை முதல் ஆளாக எடுத்தது. அவரைக் காக்க முன்வரிசை இல்லை. அந்த ஒரே பருவத்தில் அவர் பந்தோடு 76 முறை வீழ்த்தப்பட்டார். அது இன்றுவரை சாதனை. கார் நல்ல ஆட்டக்காரரா இல்லையா என்ற கேள்விக்கு அதன்பிறகு யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியவில்லை.

கிரீன் பேயின் கதை இந்த வரிசைக்கு வெளியே தொடங்குகிறது. 1991 டிராஃப்டில் நியூயார்க் ஜெட்ஸ் அணியில் வேலை பார்த்த ரான் வுல்ஃப், சதர்ன் மிசிசிப்பியின் பிரெட் ஃபார்வை எடுக்கத் துடித்தார். ஜெட்ஸுக்கு இருந்தது 34ஆம் இடம். அட்லாண்டா ஃபால்கன்ஸ் 33ஆம் இடத்தில் ஃபார்வைத் தூக்கிக்கொண்டது. அட்லாண்டாவில் ஃபார்வ் அந்த ஆண்டு நான்கே பந்து எறிந்தார். ஒன்றுகூடத் தன் ஆளிடம் சேரவில்லை, இரண்டு எதிரணி கைக்குப் போயின. சில மாதங்களில் கிரீன் பேயின் பொது மேலாளராகப் போன வுல்ஃப், 1992 பிப்ரவரியில் ஒரு முதல் சுற்றுத் தேர்வையே கொடுத்து அவரை வாங்கினார். நான்கு எறிதலில் பூஜ்யம் எடுத்த ஒரு மாற்று ஆட்டக்காரனுக்கு முதல் சுற்று விலை! அடுத்த செப்டம்பரில் முதன்மைக் குவார்ட்டர்பேக் டான் மஜ்கௌஸ்கி அடிபட்டு வெளியேற, ஃபார்வ் உள்ளே வந்தார். சின்சினாட்டிக்கு எதிரான அந்த ஆட்டத்தைக் கடைசி நிமிட எறிதலில் 24–23 என்று வென்றார். அதற்கடுத்த வாரம் முதல் 2007 பருவம் முடிய, நாக்அவுட் சுற்றான பிளேஆஃபைச் சேர்க்காமல் 253 ஆட்டம் தொடர்ந்து தொடங்கினார்.

இதை வுல்ஃபின் கூர்மையான கண்ணுக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். அந்த ஒரு ஆளைப் பொறுத்தவரை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வுல்ஃப் பிறகு செய்ததைப் பாருங்கள். கையில் லீக்கிலேயே சிறந்த குவார்ட்டர்பேக் இருந்தும் ஏறக்குறைய ஆண்டுதோறும் டிராஃப்டில் இன்னொருவரை எடுத்துக்கொண்டே இருந்தார். 1993இல் ஐந்தாம் சுற்றில் மார்க் புரூனெல். 1998இல் ஆறாம் சுற்றில் மாட் ஹாசல்பெக். 1999இல் நான்காம் சுற்றில் ஏரன் புரூக்ஸ். மூவரும் வேறு அணிகளுக்கு விற்கப்பட்டார்கள். ஜாக்சன்வில், சியாட்டில், நியூ ஆர்லியன்ஸ் என்று மூவரும் முதன்மைக் குவார்ட்டர்பேக் ஆனார்கள். இடையில் ஜே பார்க்கர், ரானி மெக்கடா என்று யாருக்கும் நினைவில்லாத பெயர்களும் உண்டு. தன் கண்ணை நம்புகிறவன் ஒருவனை எடுத்துவிட்டு நிறுத்திவிடுவான். வுல்ஃப் நிறுத்தவில்லை. தன் கண்ணும் பிழைக்கும் என்று கணக்கில் வைத்துக்கொண்ட ஆள் அவர். கிரீன் பே மரபில் எனக்கு மிகவும் மதிப்பாகத் தோன்றுவது இதுதான், புகழுரைகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

2005இல் டெட் தாம்ப்சன் பொது மேலாளராக நடத்திய முதல் டிராஃப்ட். சான்ஃபிரான்சிஸ்கோ முதல் இடத்தில் அலெக்ஸ் ஸ்மித்தை எடுத்தது. ராட்ஜர்ஸ் 24ஆம் இடம்வரை வழுக்கி வந்தார். இடையில் இருந்த 22 தேர்வுகளில் யாரும் அவரைத் தொடவில்லை. ஃபார்வுக்கு அப்போது 35 வயது, ஒரு ஆட்டம்கூடத் தவறவிடாதவர். தாம்ப்சன் ராட்ஜர்ஸை எடுத்து மூன்று ஆண்டு பெஞ்சில் உட்கார வைத்தார். 2008 மார்ச்சில் ஃபார்வ் ஓய்வு அறிவித்தார், கோடையில் மனம் மாறித் திரும்பி வந்தார், அணியோ திரும்பிப் பார்க்கவில்லை. ஆகஸ்ட்டில் அவரை ஜெட்ஸுக்கு அனுப்பிவிட்டது.

முடிவைத் தெரிந்துகொண்டு பின்னோக்கிப் பார்ப்பதால் இந்தத் துணிவு எளிதாகத் தெரிகிறது. அப்போது கணக்கு வேறு மாதிரி இருந்தது. 2007இல் 13 வெற்றி பெற்ற அணி 2008இல் ராட்ஜர்ஸோடு ஆறே வெற்றி பெற்றது. 2009இல் ஃபார்வ் நேர் எதிரியான மினசோட்டா வைக்கிங்ஸுக்குப் போய் 33 டச்டவுன் எறிந்தார், ஏழே முறைதான் பந்தைப் பறிகொடுத்தார், கிரீன் பேயை இரண்டு முறையும் தோற்கடித்தார், சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே வரை போனார். 2010 ஜனவரியில் ஒரு ரசிகனிடம் கேட்டிருந்தால் தாம்ப்சன் தவறு செய்தார் என்றுதான் சொல்லியிருப்பான். ஓராண்டு கழித்து, 2011 பிப்ரவரியில், ராட்ஜர்ஸ் பிட்ஸ்பர்கை 31–25 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்தார். குவார்ட்டர்பேக் மாற்றத்துக்குத் தீர்ப்பு எழுத மூன்று ஆண்டாவது வேண்டும். பயிற்சியாளர்களுக்குப் பெரும்பாலும் அந்த மூன்று ஆண்டு கொடுக்கப்படுவதில்லை.

தாம்ப்சனின் கண்ணைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. ராட்ஜர்ஸ் முதன்மை ஆளாக ஆன அதே 2008இல் அவருக்கு மாற்றாக தாம்ப்சன் இரண்டு பேரை எடுத்தார்: இரண்டாம் சுற்றில் பிரையன் புரோம், ஏழாம் சுற்றில் மாட் ஃபிளின். புரோம் கிரீன் பேக்காக ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல் போனார். ஃபிளின் மாற்று ஆட்டக்காரராக நிலைத்தார். ஒரே ஆண்டு, ஒரே மேலாளர், ஒரே பயிற்சிக்கூடம். ஐந்து சுற்று முன்னால் எடுத்தவர் தோற்றார். 2015இல் ஐந்தாம் சுற்றில் எடுத்த பிரெட் ஹண்ட்லி, 2017இல் ராட்ஜர்ஸின் காறை எலும்பு முறிந்தபோது ஒன்பது ஆட்டம் தொடங்கி மூன்றே வென்றார். கிரீன் பேக்கு மந்திரக் கண் இருந்தது என்பவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் சொல்லுவதில்லை.

உண்மையில் அந்தக் கண் யாருக்கும் இல்லை என்பதற்கு ஆய்வுகளும் உண்டு. டேவிட் பெரி, ராப் சிமன்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள், ஒரு குவார்ட்டர்பேக் எந்த இடத்தில் எடுக்கப்பட்டார் என்பதற்கும் களத்தில் நகர்வுக்கு நகர்வு அவர் காட்டிய திறனுக்கும் சொல்லும்படியான தொடர்பு இல்லை என்று கண்டார்கள். முன்னால் எடுக்கப்பட்டவருக்கு ஆட வாய்ப்பு அதிகம் கிடைக்கிறது, அவ்வளவுதான். இந்த முடிவை அப்படியே விழுங்கக் கூடாது. ஆறாம் சுற்றில் வந்தவர்களில் தேறியவர்கள் மட்டுமே களம் காண்கிறார்கள். தேறாதவர்கள் புள்ளிவிவரத்தில் நுழைவதே இல்லை. 2000இல் 199ஆம் இடத்தில் எடுக்கப்பட்ட டாம் பிரேடி கணக்கில் இருக்கிறார். அதே சுற்றில் வந்து ஒரு பந்துகூட எறியாமல் போனவர்கள் இல்லை. அப்படித் தள்ளுபடி செய்துவிட்டுப் பார்த்தாலும், நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் கேட் மேசியும் சேர்ந்து செய்த ஆய்வு எஞ்சி நிற்கிறது. ஒரே நிலையில் ஆடும் இருவர் அடுத்தடுத்து எடுக்கப்பட்டால் முன்னவர் மேலானவராக அமையும் வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேல். ஆனால் அணிகள் முன் இடத்துக்குக் கொடுக்கும் விலையோ, தங்களுக்கு நிச்சயம் தெரியும் என்பது போன்ற விலை.

சான்ஃபிரான்சிஸ்கோவே சாட்சி. 2021இல் 12ஆம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு ஏற, வரும் ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும் சேர்த்துக் கொடுத்து ட்ரே லான்ஸை எடுத்தது. 2022இல் டிராஃப்டின் கடைசிப் பெயராக, 262ஆம் ஆளாக, பிராக் பர்டியை எடுத்தது. 2023 ஆகஸ்ட்டில் லான்ஸை ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு டாலஸுக்குத் தள்ளிவிட்டது. அந்தப் பருவத்தில் பர்டி அவர்களை சூப்பர் பவுலுக்கு அழைத்துப் போனார். அதே பயிற்சியாளர், அதே மேலாளர். அவர்கள் லான்ஸ் விஷயத்தில் முட்டாள்களாகவும் பர்டி விஷயத்தில் மேதைகளாகவும் இருந்தார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி பெஞ்ச் கோட்பாடு. இளம் குவார்ட்டர்பேக்கை உடனே களத்தில் இறக்காமல் மூத்தவர் பின்னால் இரண்டு மூன்று ஆண்டு உட்கார வைத்தால் பழுத்து வருவான் என்பதே கிரீன் பே புகழுரையின் மையம். ராட்ஜர்ஸ் உட்கார்ந்தார், லவ் உட்கார்ந்தார், கேன்சஸ் சிட்டியில் பாட்ரிக் மஹோம்ஸ் அலெக்ஸ் ஸ்மித் பின்னால் ஒரு ஆண்டு உட்கார்ந்தார். மூவரும் ஜெயித்தார்கள். சரி, உட்கார்ந்தும் தோற்றவர்கள்? மேலே சொன்ன லான்ஸ் முதல் ஆண்டின் பெரும்பகுதியை பெஞ்சில்தான் கழித்தார். புரோம் பெஞ்சிலேயே முடிந்தார். உட்காராமல் ஜெயித்தவர்களோ நிறையப் பேர். பெய்டன் மானிங் 1998இல் முதல் ஆட்டத்திலேயே இறங்கி, அந்தப் பருவத்தில் 28 முறை பந்தை எதிரணிக்குக் கொடுத்து, 13 ஆட்டம் தோற்று, பிறகு மானிங் ஆனார். 2023இல் சி.ஜே. ஸ்ட்ரௌட் முதல் நாளே இறங்கி ஹியூஸ்டனை பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார். காத்திருப்பு ராட்ஜர்ஸுக்கு நன்மை செய்ததா? செய்திருக்கலாம், கால் வைப்பது, பந்தைப் பிடிக்கும் உயரம் எல்லாம் அந்த ஆண்டுகளில் மாறின. ஆனால் மூன்று பேரை வைத்து ஒரு விதி எழுத முடியாது, அதிலும் தோற்றவர்களை எண்ணாமல் விட்டுவிட்டு.

என் வாசிப்பில் அந்த மூவருக்கும் பொதுவானது பெஞ்ச் இல்லை. மூவரையும் எடுத்த அணிகள் எடுத்த நாளில் நல்ல அணிகள், எடுக்க வேண்டிய நெருக்கடி இல்லாதவை. 2005இல் கிரீன் பேயிடம் ஃபார்வ் இருந்தார். 2020இல் ராட்ஜர்ஸ். 2016இல் 12 ஆட்டம் வென்ற கேன்சஸ் சிட்டியிடம் ஸ்மித் இருந்தார்; அடுத்த ஏப்ரலில் அது 27ஆம் இடத்திலிருந்து பத்தாம் இடத்துக்கு ஏறி மஹோம்ஸை எடுத்தது. நெருக்கடி இல்லாதவன் பிடித்த ஆளுக்காகக் காத்திருக்கலாம், பிடிக்காவிட்டால் அந்த ஆண்டு வேறு யாரையாவது எடுத்துவிட்டுப் போகலாம். எடுத்தவனைச் சுற்றி முன்வரிசை, நிலைத்த பயிற்சியாளர், நன்றாக ஆடத் தெரிந்த சகாக்கள் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். இவற்றில் எதுவும் காருக்கு இல்லை.

தாகம் எடுத்தபிறகு கிணறு தோண்டினால் என்ன ஆகும் என்பதை கிளீவ்லாந்து பிரவுன்ஸிடம் பார்க்கலாம். 1999இல் லீக்குக்குத் திரும்பிய அந்த அணி அப்போதிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்களை முதன்மைக் குவார்ட்டர்பேக்காகக் களமிறக்கியிருக்கிறது. முதல் ஆண்டே டிம் கௌச்சை டிராஃப்டின் முதல் ஆளாக எடுத்து இரண்டாம் ஆட்டத்திலேயே இறக்கியது. அந்த ஆண்டு அவர் 56 முறை வீழ்த்தப்பட்டார். 2007இல் பிரேடி குவின், 2012இல் பிராண்டன் வீடன், 2014இல் ஜானி மன்சியல்: மூவரும் 22ஆம் இடம், மூவரும் தோல்வி. வீடனைப் பற்றி ஒரு தகவல் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புதுமுகமாக எடுக்கப்பட்டபோது அவருக்கு வயது 28. அதற்குள் ஒரு சூப்பர் பவுலும் ஒரு சிறந்த வீரர் விருதும் வாங்கிவிட்ட ராட்ஜர்ஸைவிட அவர் சில வாரங்கள் மூத்தவர்.

கிளீவ்லாந்தின் உண்மையான குற்றம் ஆள் தேர்வில் இல்லை என்பது பேக்கர் மேஃபீல்டால் தெரிகிறது. 2018இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட அவர், 2020இல் பிட்ஸ்பர்கை அதன் மண்ணிலேயே பிளேஆஃபில் 48–37 என்று வென்று கொடுத்தார். அடுத்த ஆண்டு இடது தோள் கிழிந்தபடியே ஆடிச் சறுக்கினார். ஒரு மோசமான ஆண்டு. உடனே 2022 மார்ச்சில் கிளீவ்லாந்து மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும் வேறு சிலவற்றையும் கொடுத்து ஹியூஸ்டனின் டெஷான் வாட்சனை வாங்கி, ஐந்தாண்டுக்கு 23 கோடி டாலர் முழு உத்தரவாதத்தோடு எழுதிக் கொடுத்தது. பல பெண்கள் பாலியல் குற்றச்சாட்டு வைத்திருந்த ஆள் அவர். 11 ஆட்டத் தடை வந்தது. மூன்று பருவத்தில் மொத்தம் 19 ஆட்டமே ஆடினார். மேஃபீல்ட் இரண்டு அணிகள் சுற்றி டம்பாவில் 40 லட்சம் டாலருக்குச் சேர்ந்து, 2024இல் 41 டச்டவுன் எறிந்தார். கிணற்றில் தண்ணீர் இருந்தது. பொறுமையாக இறைக்க ஆளில்லை.

கிரீன் பேக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சிலர் பண்பாடு என்பார்கள். நான் பங்குப் பத்திரத்தைக் காட்டுவேன். சுமார் ஒரு லட்சம் மக்கள் வாழும் அந்த விஸ்கான்சின் நகரத்தின் அணிக்கு முதலாளி கிடையாது. 1923 முதல் அது பொதுமக்கள் பங்கு வைத்திருக்கும் அமைப்பு. பங்குக்கு ஈவுத்தொகை இல்லை, சந்தையில் விற்க முடியாது. தோல்விக்கு மறுநாள் காலை மேலாளரை அறைக்கு அழைத்து, அடுத்த குவார்ட்டர்பேக் யார் என்று கேட்கும் கோடீஸ்வரர் அங்கே இல்லை. 2023இல் கரோலைனா பாந்தர்ஸ், முதல் இடத்துக்கு ஏற டி.ஜே. மூர் என்ற அருமையான ரிசீவரையும் எதிர்காலத் தேர்வுகளையும் சிகாகோவுக்குக் கொடுத்து பிரைஸ் யங்கை எடுத்தது. பயிற்சியாளர் ஃபிராங்க் ரீக் 11 ஆட்டத்தில் வேலை இழந்தார். அணி இரண்டே வெற்றியோடு கடைசியாக வந்தது. அந்தக் கடைசி இடத்துக்குரிய அடுத்த ஆண்டின் முதல் தேர்வும் சிகாகோவுக்கே போனது. சிறுவனுக்கு எறிய ஆள் இல்லை, சொல்லிக் கொடுத்தவரும் இல்லை. முதலாளி இல்லாத அமைப்பு எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. இந்த ஒரு காரியத்துக்கு அது பெரிய அனுகூலம், மற்ற 31 அணிகளால் அதைக் கடன் வாங்க முடியாது.

கிரீன் பே புகழுரை மறைக்கும் இன்னொரு விஷயம் பணம். 2010இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறாண்டுக்கு 7.8 கோடி டாலர், அதில் ஐந்து கோடி உத்தரவாதம். 2011இல் வீரர் சங்க ஒப்பந்தம் மாறியது. அந்த ஆண்டின் முதல் ஆள் கேம் நியூட்டனுக்கு நான்காண்டுக்கு 2.2 கோடிதான். மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உள்ள லீக்கில் இது எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. நல்ல குவார்ட்டர்பேக் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் அந்த நான்கு ஆண்டுகள்தான் ஒரு அணியின் பொற்காலம். மிச்சப் பணத்தில் மற்ற இடங்களை நிரப்பலாம். சியாட்டில் 2013 பருவத்தில் கோப்பை வென்றபோது மூன்றாம் சுற்றில் எடுத்த ரசல் வில்சனுக்குப் பத்து லட்சம் டாலர்கூடக் கொடுக்கவில்லை. மஹோம்ஸின் முதல் கோப்பையும் அப்படித்தான், முதல் ஒப்பந்தத்திலேயே.

இந்தக் கண்ணாடியில் லவ்வைப் பாருங்கள். நான்காண்டுக்குச் சுமார் 1.2 கோடி டாலர். அதில் மூன்று ஆண்டு அவர் பெஞ்சில், அதே நேரம் ராட்ஜர்ஸுக்கு லீக்கின் உச்சச் சம்பளங்களில் ஒன்று. 2023இல் ராட்ஜர்ஸ் ஜெட்ஸுக்குப் போனபிறகும் அவர் பெயரில் சுமார் நான்கு கோடி டாலர் கிரீன் பேயின் கணக்கில் ஏறியது. அந்த ஆண்டு மொத்த உச்சவரம்பே 22.48 கோடி. 2024 ஜூலையில் லவ்வுக்கு நான்காண்டுக்கு 22 கோடி டாலர் எழுத வேண்டி வந்தது. மலிவான ஆண்டுகளில் அவர் உண்மையில் ஆடியது ஒன்றே ஒன்று. ராட்ஜர்ஸ் காத்திருந்த காலத்தில் இந்த இழப்பு இவ்வளவு இல்லை. ஆகவே 2005இல் சரியான வழி 2020இலும் அதே விலைக்குச் சரி என்பது செல்லாது. மூன்று ஆண்டு காத்திருப்பு இன்றைக்கு ஆடம்பரம். கேன்சஸ் சிட்டி ஒரே ஆண்டு காத்திருந்தது, எனக்குத் தெரிந்து அதுவே இந்த முறையின் சுத்தமான வடிவம்.

சரி, ரசிகர்களின் பழைய கோபம்? ரிசீவர் எடுத்திருந்தால் கோப்பை வந்திருக்குமா? 33ஆம் இடத்தில் டீ ஹிக்கின்ஸ் போனார் என்பதை அவர்கள் மறக்க மாட்டார்கள். 2021 ஜனவரியில் சொந்த மைதானத்தில் டம்பாவிடம் 31–26 என்று தோற்றது தற்காப்பின் ஓட்டையால் என்பேன். இடைவேளைக்குச் சில நொடி முன்னால் டம்பாவுக்காக பிரேடி எறிந்த நீண்ட டச்டவுனுக்கு எந்த ரிசீவரும் பதில் இல்லை. ஓராண்டு கழித்து சான்ஃபிரான்சிஸ்கோவிடம் 13–10 என்று தோற்ற ஆட்டம் வேறு. உதைத்த பந்து தடுக்கப்பட்டு டச்டவுனானது உண்மைதான், ஆனால் பத்தே புள்ளி எடுத்த தாக்குதல் தன்னைக் குற்றத்திலிருந்து விடுவித்துக்கொள்ள முடியாது. அன்றைக்கு ராட்ஜர்ஸ் நம்பி எறிய இரண்டே பேர் இருந்தார்கள். அந்த ஒரு கோப்பையின் ஒரு பகுதி லவ்வுக்கான விலையில் சேர்கிறது. ராட்ஜர்ஸ் 2020, 2021 இரண்டு ஆண்டும் லீக்கின் சிறந்த வீரர் ஆனார். வாரிசைக் கண்ட சினம்தான் காரணம் என்று ஒரு கதை உலவுகிறது. நிரூபிக்க முடியாத கதை, அதை நான் வரவில் வைக்க மாட்டேன்.

ஃபார்வும் ராட்ஜர்ஸும் சேர்ந்து 31 பருவம், கோப்பை இரண்டு. பிரேடி ஒருவரே நியூ இங்கிலாந்துக்கு ஆறு கொடுத்தார், அவரை அந்த அணி கண்டுபிடித்ததோ ஆறாம் சுற்றில், களமிறக்கியதோ பத்தாண்டுக்கு 10.3 கோடி டாலர் ஒப்பந்தம் எழுதிய டுரூ பிளெட்சோ அடிபட்ட பிறகு. வாரிசு ஏற்பாடு கோப்பைக்கு உத்தரவாதம் தராது. ஆனால் அது தருவதைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. ராட்ஜர்ஸ் போன முதல் ஆண்டிலேயே லவ் பிளேஆஃபில் டாலஸை அதன் மைதானத்தில் 48–32 என்று வென்றார். ராட்ஜர்ஸ் ஜெட்ஸுக்காக நான்கே நகர்வில் குதிகால் தசைநாண் அறுந்து விழுந்தார். மானிங் போனபிறகு இண்டியானாபொலிஸுக்கு ஆண்ட்ரூ லக் கிடைத்தது 14 ஆட்டம் தோற்று நொறுங்கிய ஒரு பருவத்தின் தயவில். 2019இல் லக் 29 வயதில் திடீரென ஓய்வு பெற்றபோது கையில் வாரிசு இல்லை, அடுத்த மூன்று ஆண்டில் ரிவர்ஸ், வென்ட்ஸ், ராயன் என்று ஆண்டுக்கொருவராக வந்து போனார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. லவ்வை எடுத்தது சரி. எடுத்த காலம் ஓராண்டு முன்கூட்டி, வைத்திருந்த காலம் ஓராண்டு அதிகம். கிரீன் பேயைப் புகழ வேண்டியது பெஞ்சுக்காக இல்லை, கண்ணுக்காகவும் இல்லை. தேவை வருமுன் வாங்கியதற்கும், வுல்ஃப் போலத் திரும்பத் திரும்ப வாங்கியதற்கும், ஃபார்வின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டு மூன்று ஆண்டு வசவைத் தாங்கியதற்கும். இதில் இரண்டாவதை வுல்ஃபுக்குப் பின் வந்தவர்கள் பாதிதான் காப்பாற்றினார்கள். ஹண்ட்லியை மட்டும் நம்பி 2017ஐ இழந்தது அதற்கு அபராதம்.

நகல் எடுக்க நினைக்கும் அணிகளுக்கு அட்லாண்டா 2024இல் ஒரு பாடம் நடத்திக் காட்டியது. மார்ச்சில் 35 வயது கிர்க் கசின்ஸை நான்காண்டுக்கு 18 கோடி டாலருக்கு வாங்கியது, அதில் பத்து கோடி உத்தரவாதம். அடுத்த மாதமே டிராஃப்டின் எட்டாம் இடத்தில் மைக்கேல் பெனிக்ஸை எடுத்தது. மூத்தவர், இளையவர், பெஞ்ச், எல்லாம் கிரீன் பே மாதிரியே இருந்தன. ஆனால் கிரீன் பே வாரிசை வாங்கியது ஏற்கெனவே கையிலிருந்தவருக்குப் பின்னால். அட்லாண்டா இரண்டு பேரையும் ஒரே கடையில் ஒரே நேரத்தில் முழு விலைக்கு வாங்கியது. டிசம்பரில் கசின்ஸ் பெஞ்சுக்குப் போனார், அதுவரை 16 முறை பந்தைப் பறிகொடுத்துவிட்டு. உத்தரவாதம் எழுதிய பத்து கோடி மட்டும் அட்லாண்டாவின் கணக்கில் அப்படியே இருந்தது.